கதவுப் பாட்டும் தையல்காரர் கடிதமும்

ஜனவரி 12

மேடத்துக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், மன்னிக்க வேண்டும். ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்த வரி கீழே இறங்குகிறது. நம் நிலையத்து மாடிப்படி என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு காலைப் பொழுது ஆகிறது. விரல் வலித்தால் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

நான் மூட்டை அண்ணன். வானொலி நிலையத்தில் இருபத்தாறு வருடம் நேயர்களின் கடித மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறியவன். நீங்கள் ஒலிபரப்பு அறைக்குள் உட்கார்ந்து படிப்பீர்கள், நான் கண்ணாடிக்கு வெளியே நின்று கேட்பேன். உங்கள் முகவரியைப் பழைய வாட்ச்மேனிடம் வாங்கினேன்.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன். எழுபத்தோரு வயதில் கற்றுக்கொண்டேன். எங்கள் தெரு நூலகத்தில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு வைத்தார்கள். உண்மையைச் சொன்னால் நான் படிக்கப் போகவில்லை. அங்கே இரண்டு மின்விசிறி உண்டு, அதற்காகப் போனேன். ஏழு மாதத்தில் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு நான் சும்மா நடப்பதே இல்லை. பெயர்ப்பலகை, சுவர், பஸ், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் படித்துக்கொண்டே போகிறேன். எங்கள் எதிர்ச் சுவரில் முப்பது வருடமாகப் பெரிதாக ஏதோ எழுதியிருந்தது. "இங்கே குப்பை கொட்டாதீர்" என்பதாம். முப்பது வருடம் நான் அங்கேதான் கொட்டினேன். வாய்விட்டுச் சிரித்தேன் மேடம். யாராவது அன்றே சொல்லியிருக்கக் கூடாதா?

சிரிப்பு இத்தோடு போதும். நான் உங்களோடு சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் சனிக்கிழமை மூன்று மணி நிகழ்ச்சியில் வாராவாரம் கதவுப் பாட்டு வரும். தாழ் போடவில்லை, விளக்கை அணைக்கவில்லை, நீ வரும்போது வா என்று ஒருவர் நிதானமாகப் பாடுவாரே, அந்தப் பாட்டு. அதைப் பற்றி ஊரெல்லாம் கடிதம் போடும். பத்தொன்பது வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை ஒரு தையல்காரரின் கடிதத்தைப் படித்தீர்கள். அவருடைய மகன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனானாம். அவர் தேடிப் போகவில்லையாம். பாட்டில் சொன்னபடி கதவைத் திறந்து வைத்தாராம். நான்காவது வருடம் ஒரு மழைநாளில் மகன் நனைந்தபடி வந்து நின்று, "அப்பா, துண்டு குடுங்க" என்றானாம். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று அழுதேன். நீங்கள் வெளியே வந்ததும் அந்தக் கடிதத்தை எனக்குத் தரச் சொல்லிக் கேட்டேன். படித்த கடிதத்தை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட வேண்டும் என்பது நிலையத்தின் விதி. நீங்கள் கிழிக்காமல் என்னிடம் தந்தீர்கள்.

அதை என் டிரான்சிஸ்டரின் தோல் உறைக்குள் வைத்துக் காப்பாற்றினேன். படிக்கத் தெரிந்ததும் முதலில் அதைத்தான் படிக்க வேண்டும் என்று இருந்தேன். போன வாரம் குளித்து, வெளுத்த சட்டை போட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து பிரித்தேன். இரண்டு காலை ஆயிற்று. நான்தான் தப்பாகப் படிக்கிறேனோ என்று நூலகத்து டீச்சரிடம் கொடுத்தேன். அவரும் அதையேதான் படித்தார். இதோ, ஒரு எழுத்து விடாமல் கீழே எழுதுகிறேன்:

"நிகழ்ச்சி நடத்துபவருக்கு, தயவு செய்து அந்தக் கதவுப் பாட்டை இனிமேல் போடாதீர்கள். என் மகன் சண்டை போட்டுவிட்டுப் போனான். நான் தேடக் கிளம்பியபோதெல்லாம் ஆளாளுக்கு அந்தப் பாட்டைச் சொல்லி உட்கார வைத்தார்கள். நானும் கதவைத் திறந்து வைத்து நான்கு வருடம் உட்கார்ந்திருந்தேன். போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் அவன் படுத்திருந்த படுக்கையை மடித்துவிட்டார்கள். பாட்டு அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதால்தான் அது ஆளை உட்கார வைக்கிறது. இப்படிக்கு, ஒரு தையல்காரர்."

மழை எங்கே மேடம்? துண்டு எங்கே? செத்துப்போன பிள்ளையை எப்படி வீட்டுக்கு வரவைத்தீர்கள்?

பதில் எழுதுங்கள். இப்போது எனக்குப் படிக்கத் தெரியும்.

மூட்டை அண்ணன்


ஜனவரி 20

மூட்டை அண்ணனுக்கு,

நீங்கள் எழுதக் கற்றது சந்தோஷம். முதல் கடிதத்தையே வக்கீல் நோட்டீஸ் மாதிரி எழுதியிருக்கிறீர்கள், அதற்கும் பாராட்டு.

அது வானொலி அண்ணே, கோர்ட் இல்லை. மூன்று மணிக்கு மனிதர்கள் சோர்ந்துபோய்ப் பெட்டியைத் திருப்புகிறார்கள். அவர்களுக்கு ஒரு பாட்டும் இரண்டு நல்ல வார்த்தையும் வேண்டும். வந்த கடிதத்தை வந்தபடியே படித்திருந்தால் நிகழ்ச்சி இரண்டு வாரம் ஓடியிருக்காது. கொஞ்சம் கூட்டுவேன், கொஞ்சம் குறைப்பேன். எல்லாரும் செய்ததுதான்.

இந்தப் பாட்டு இப்போதும் என்னை விடுவதாக இல்லை. காய்கறிக் கடையில் வாயைத் திறந்தால் போதும், "நீங்க அந்தப் பாட்டு மேடம்தானே?" என்று யாராவது கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது அதையே பாடுகிறார், சுருதி இல்லாமல். இப்போது நீங்களும் வந்துவிட்டீர்கள்.

அந்தக் காகிதத்தை யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லியிருந்தால் பத்தொன்பது வருடத்துக்கு முன்பே விஷயம் முடிந்திருக்கும். கேட்காதது யார் குற்றம்? அதுவும் போகட்டும். ஒரு பாட்டு சொன்னதென்று யாராவது வாழ்க்கையை நடத்துவார்களா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்னாள் அறிவிப்பாளர்


பிப்ரவரி 2

மேடத்துக்கு,

உங்கள் கடிதத்தை ஒன்பது முறை படித்தேன். ஒன்பது முறையும் கோபம் வந்தது. படிக்கத் தெரிந்ததில் இப்படியும் ஒன்று இருக்கிறது, ஒரே கோபத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் படலாம்.

யாராவது நடத்துவார்களா என்று கேட்டீர்கள். நான் நடத்தினேன்.

எனக்கு ஒரே மகள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். லாரி மெக்கானிக் ஒருவரைக் கட்டிக்கொள்வேன் என்றாள். நான் குதித்தேன். "இந்த வாசலைத் தாண்டினா திரும்பி வராதே" என்றேன். அவள் என்னைவிடப் பிடிவாதக்காரி. ஒரு பையும் ஒரு குடையும் எடுத்துக்கொண்டு தாண்டிவிட்டாள். மூன்று மாதம் கழித்துத்தான் நீங்கள் அந்தக் கடிதத்தைப் படித்தீர்கள். அழுதுகொண்டே உங்களிடம் நான் சொன்னது நினைவிருக்கிறதா? "என் பொண்ணும் போயிட்டா மேடம்" என்றேன். நீங்கள் கைப்பையை மாட்டிக்கொண்டே, "வருவாங்க அண்ணே, கதவைத் திறந்து வைங்க" என்றீர்கள். அதன் பிறகுதான் கடிதத்தைக் கையில் கொடுத்தீர்கள்.

எங்கள் வீட்டுக் கதவில் பத்தொன்பது வருடமாகத் தாழ் போட்டதில்லை. இரண்டு முறை திருடன் வந்தான், ஒரு முறை பக்கத்து வீட்டுக் குடிகாரர் தன் வீடென்று நினைத்து வந்து படுத்துக்கொண்டார். மகள் வரவில்லை.

அவள் இருந்த இடம் எனக்குத் தெரியாமல் இல்லை. என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, இரண்டாம் வருடமே கண்டுபிடித்துச் சொன்னான். பஸ்ஸில் நாலு மணி நேரம். அவளே அங்கே ஒரு கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். மூன்றாம் வருடம் என் மனைவி பையைக் கட்டி வைத்துக்கொண்டு நின்றாள். "கிளம்புங்க, ஆறு மணி பஸ்ஸைப் பிடிப்போம். நீங்க எதுவும் பேச வேணாம், நான் பேசிக்கறேன்" என்றாள். நான் தோல் உறையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். "பாரு, இந்த மனுஷன் தேடிப் போகல. கதவைத் திறந்து வெச்சாரு, பிள்ளை தானா வந்தான்" என்றேன். அவளுக்கும் படிக்கத் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் அந்தக் காகிதத்தை மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு நானே பையைப் பிரித்து, புடவைகளை எடுத்து அலமாரியில் வைத்தேன். "தேடிப் போகாதீர்கள்" என்று சொன்னதாக நான் காட்டிய காகிதத்தில் "தேடிப் போகாமல் விட்டேனே" என்று எழுதியிருந்தது மேடம்.

என் மனைவி போய்ச் சேர்ந்து எட்டு வருடம் ஆகிறது. கடைசி வரை படுக்கையை வாசலைப் பார்த்துப் போடச் சொன்னாள்.

யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். நீங்கள் படிக்கக் கேட்ட பிறகு வேறு யாரிடம் கொடுப்பேன்? ஊரிலேயே நன்றாகப் படிக்கிறவர் நீங்கள்தானே.

மூட்டை அண்ணன்


பிப்ரவரி 15

அண்ணே,

பத்து நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். பிறகு உங்களைத் திட்டப்போகிறேன்.

நீங்கள் மகளைப் பற்றிச் சொன்னது நினைவிருக்கிறது. நான் பதில் சொன்னதும் நினைவிருக்கிறது. வீட்டுக்கு அழைத்துப் போகும் வேன் கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. உங்களுக்குப் படிக்கத் தெரியாது என்று தெரிந்துதான் கொடுத்தேன். தெரிந்திருந்தால் கிழித்திருப்பேன்.

அன்று நடந்ததைக் கேளுங்கள். அந்தப் பாட்டை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. பாடுகிறவர் முதல் வரியில் உட்காருகிறார், கடைசி வரி வரைக்கும் எழுந்திருப்பதே இல்லை. ஆனால் நேயர்களுக்கு அது உயிர். ஒரு நர்ஸ் எழுதினார், வார்டில் அதைப் போட்டால் ஒரு பாதி அழுகிறது, இன்னொரு பாதி நிறுத்தச் சொல்லிச் சண்டைக்கு வருகிறது என்று. ஒரு கணவனும் மனைவியும் ஒரே வாரத்தில் தனித்தனியாக எழுதினார்கள், பிரிந்துபோனவருக்காக அந்தப் பாட்டைப் போடுங்கள் என்று. உறையைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு கடிதத்திலும் ஒரே முகவரி. ஒரே வீட்டில் அடுத்தடுத்த அறை! கதவைத் திறந்து வைத்ததில் பூனை வந்து பாலைக் குடித்துவிட்டது, பாட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று ஒருவர் எழுதினார். திட்டி வந்தவையும் நிறைய. அவற்றை மேலாளர் படிக்கவே விடமாட்டார். "இந்தப் பாட்டுதான் நமக்குச் சோறு போடுது. இதைப் பத்திக் குறை சொன்ன லெட்டர் ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது" என்பார்.

தையல்காரர் கடிதம் வந்ததும் இதை மட்டும் அப்படியே படித்துவிடுவது என்று முடிவு செய்தேன். யாரிடமும் காட்டாமல் உள்ளே எடுத்துப் போனேன். ஒலிபரப்பு தொடங்கியதற்கான சிவப்பு விளக்கு எரிந்தது. பாட்டைப் போடாதீர்கள் என்ற முதல் வரியைக் கடைசியில் படிக்க வைத்துக்கொண்டு தொடங்கினேன். "என் மகன் சண்டை போட்டுவிட்டுப் போனான்" என்று படித்துவிட்டு நிமிர்ந்தேன். கண்ணாடிக்கு வெளியே உங்கள் பக்கத்தில் மேலாளர் வந்து நின்றிருந்தார். தலையை ஆட்டவில்லை, கையைக் காட்டவில்லை, சும்மா நின்றார். அவ்வளவுதான். என் கண் காகிதத்தில் இருந்தது, வாய் பழகின வழியில் போய்விட்டது. மழை வந்தது, துண்டு வந்தது. மேலாளர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். நன்றாக இருந்தது அண்ணே. அதுதான் எனக்கு இன்னும் நாக்கில் கசக்கிறது. நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் மகன் திரும்பிய தையல்காரருக்கு வாழ்த்துச் சொல்லி வந்த கடிதங்கள் இரண்டு மூட்டை. நீங்கள்தான் சுமந்து வந்தீர்கள், சிரித்துக்கொண்டே. அந்த மூட்டைக்குள், இக்கடிதத்தோடு வைத்து அனுப்பும் இந்த அஞ்சலட்டையும் இருந்தது. இதை நான் கிழிக்கவில்லை. விதியை மீறியது உங்களுக்காக ஒரு முறை, எனக்காக ஒரு முறை. பத்தொன்பது வருடம் வைத்திருந்தேன், இனி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் பங்கு.

"திரும்பி வராதே" என்று சொன்னது யார்? நானா? பாட்டா? நீங்கள் தாழ் போடாமல் வைத்தது நாலு மணி நேரப் பயணத்துக்கு அப்பால் இருந்த பெண்ணுக்கு எப்படித் தெரியும்? அவள் காதில் கடைசியாக விழுந்தது நீங்கள் கத்தியதுதான். மச்சானுக்குப் பஸ் கிடைத்தது. உங்கள் மனைவி நேரம் உட்படச் சொன்னார். நீங்கள் போகவில்லை. போனால் "நான் சொன்னது தப்பு" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். உட்கார்ந்திருந்தால் சொல்ல வேண்டாம். நான் சொன்னது பொய்தான். ஆனால் உங்களுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்ததால்தான் அதைப் பத்தொன்பது வருடம் கழற்றவில்லை.

மூட்டை தூக்கி மூன்று மாடி ஏறின காலுக்குப் பஸ் படி இரண்டு ஏற முடியவில்லையா?

அறிவிப்பாளர்


மார்ச் 1

மேடத்துக்கு,

அஞ்சலட்டையைப் படித்தேன். இரண்டு வரிதான். "நான் எழுதியது அது இல்லை. என் மகன் வரவில்லை." கீழே தையல்காரர் என்று இருக்கிறது. முதல் கடிதத்தில் எழுத்து முத்து முத்தாக இருந்தது. இதில் என் எழுத்து மாதிரி இருக்கிறது, கை ஆடியிருக்க வேண்டும். தன் கதையைத் தானே ரேடியோவில் கேட்டுக்கொண்டு அந்த மனுஷன் என்ன பாடு பட்டிருப்பார்! அவருக்காக உங்கள் மேல் இன்னொரு கோபம் வந்தது. கடிதம், அட்டை இரண்டையும் சேர்த்தே தோல் உறையில் வைத்திருக்கிறேன்.

உங்கள் திட்டைப் படித்துவிட்டு இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. வகுப்புக்கும் போகவில்லை. நீங்கள் எழுதினது அநியாயம் என்று எழுத உட்கார்ந்தேன். "அ" போட்டேன். அதற்கு மேல் வரவில்லை.

பக்கத்து டீக்கடையில் நேற்று அந்தப் பாட்டு வந்தது. இனிமேல் அழ மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேடம், எல்லாம் தெரிந்த பிறகும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நிறுத்துய்யா அதை" என்று கத்திவிட்டேன். கடைக்காரர், "பெரியவரே, இந்தப் பாட்டையா நிறுத்தச் சொல்றீங்க? மனுஷனா நீங்க?" என்றார். பெஞ்சில் இருந்த நாலு பேரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒன்று செய்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு எழுதினேன். ஆறு காகிதம் வீணாகி ஏழாவது நன்றாக வந்தது. "நான் சொன்னது தப்பு. கதவு திறந்திருக்கிறது. உனக்கு எப்போது மனம் வருகிறதோ அப்போது வா" என்று எழுதிப் போட்டேன். தபால் பெட்டியில் போட்டதும் இறகு மாதிரி ஆகிவிட்டேன். தினமும் பதினொரு மணிக்குத் தபால்காரர் வருவார். பத்தரைக்கே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

பதில் வந்ததும் உங்களுக்கு எழுதுகிறேன்.

மூட்டை அண்ணன்


மார்ச் 6

அண்ணே,

நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறீர்களா!

மறுபடியும்! வாசலில்! "உனக்கு எப்போது மனம் வருகிறதோ அப்போது வா" என்று எழுதினீர்களே, அது எங்கே இருக்கிற வரி என்று உங்களுக்குத் தெரியவில்லையா? மூன்றாவது சரணம்! பத்தொன்பது வருடம் கேட்ட பாட்டையே காகிதத்தில் எழுதித் தபாலில் போட்டிருக்கிறீர்கள். அதற்கா ஏழு மாதம் படித்தீர்கள்?

அந்த நாற்காலியை உள்ளே தூக்கிப் போடுங்கள். பஸ் ஆறு மணிக்கு என்று உங்கள் மனைவி சொன்னாரே, இன்னும் ஆறு மணிக்குத்தானா என்று போய்ப் பலகையைப் படியுங்கள். இப்போதுதான் படிக்கத் தெரியுமே.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். போய்விட்டு வந்து எழுதுங்கள்.

அறிவிப்பாளர்


மார்ச் 14

மேடத்துக்கு,

இந்தக் கடிதத்தில் எழுத்து முன்னைவிட மோசமாக இருக்கும். ஒரு வரிக்கு மூன்று வார்த்தைதான் பிடிக்கிறது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் மன்னித்துவிடுங்கள்.

பஸ் இப்போது ஐந்தே முக்காலுக்கு. பலகையில் நானே படித்தேன். வழியெல்லாம் ஊர்ப் பெயர்களைப் படித்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்தவர், "தாத்தா, மனசுக்குள்ள படிங்களேன்" என்றார். மனசுக்குள் படிப்பது எப்படி என்று எனக்கு இன்னும் வரவில்லை.

கடை சின்னதுதான். சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டம். உள்பக்கம் ஒரு நாற்காலி, எதிர்ச் சுவரில் பெரிய எழுத்திலிருந்து சின்ன எழுத்து வரைக்கும் வரிசை வரிசையாக எழுதிய அட்டை. மகள் குனிந்து ஒரு சட்டத்துக்கு ஆணி முடுக்கிக்கொண்டிருந்தாள். தலையில் பாதி நரை. என் மகளுக்கு நரை வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

நிமிர்ந்து பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"லெட்டர் வந்துச்சு" என்றாள். "யாரு எழுதிக் குடுத்தா?"

"நான்தான்மா எழுதினேன்."

"பொய் சொல்லாதீங்க. இத்தனை வருஷம் கழிச்சு யார்கிட்டயோ கெஞ்சி ஒரு லெட்டர் எழுதி வாங்கி, அதையும் வந்து பொய்யிலயே ஆரம்பிக்கறீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எதிரே இருந்த அட்டையைப் படித்தேன். முதல் வரி, இரண்டாம் வரி, மூன்றாம் வரி. சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாக. கையில் இருந்த திருப்புளியை வைத்துவிட்டு அவள் எழுந்து வந்தாள். ஐந்தாம் வரியில் நின்றேன். "இதுக்குக் கீழ தெரியல" என்றேன்.

"படிக்கத் தெரியலயா, கண்ணு தெரியலயா?"

"கண்ணுதான்."

என் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "எந்தப் புண்ணியவான் குடுத்தான் இதை? பவரே தப்பு. இதைப் போட்டுக்கிட்டா படிச்சீங்க?" என்றாள். அதட்டல் அப்படியே அவள் அம்மா. ஒரு கனமான சட்டத்தை என் முகத்தில் மாட்டி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டாள். இது நல்லாத் தெரியுதா, அது நல்லாத் தெரியுதா என்று கேட்டுக்கொண்டே வந்தவள், அதே குரலில், "அம்மா என்னைக் கேட்டாங்களா?" என்றாள்.

மேடம், அந்த நிமிஷத்தில் எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. சிவப்பு விளக்கு எரிந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்தது. நல்ல பதில் ஒன்று தயாராக நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அம்மா உன்னை நினைத்து நிம்மதியாகப் போனாள், உன்னை வாழ்த்திவிட்டுப் போனாள் என்று. மழையும் துண்டும் மாதிரி. சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள், நானும் அழுதிருப்பேன், நன்றாக இருந்திருக்கும்.

நான் சொல்லவில்லை. "கேட்டா. உன்னைப் பார்க்க வரணும்னு பையைக் கட்டினா. நான்தான் பிரிச்சுப் போட்டேன். போக வேணாம்னேன். கடைசி வரைக்கும் வாசலையே பார்த்துட்டுப் போனா" என்றேன்.

அவள் கையில் இருந்த வில்லை கீழே விழுந்தது. உடையவில்லை, உருண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டது. அவள் அதை எடுக்கவில்லை.

"நான் வந்தேன்" என்றாள். "அம்மா போன அன்னைக்கு. மாமா சொல்லி அனுப்பினாரு. தெருமுனை வரைக்கும் வந்து நின்னேன்."

"கதவு திறந்துதானேம்மா இருந்துச்சு."

"திறந்துதான் இருந்துச்சு! யாரு இல்லேன்னா? ஊரே உள்ள போய் வந்துச்சு. நீங்க வாசல்லதான் உட்கார்ந்திருந்தீங்க. என்னைப் பார்த்தீங்களோ பார்க்கலயோ தெரியாது. ஒரு ஆள் எந்திரிச்சு வந்து வான்னு கூப்பிடல. வராதேன்னு வாயால சொன்னீங்க இல்ல? வான்னும் வாயால சொல்லணும். கதவா வந்து சொல்லும்?"

கத்தினாள். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நான் முகத்தில் அந்த இரும்புச் சட்டத்தோடு உட்கார்ந்திருந்தேன். இரண்டு வில்லை வழியாகவும் அவள் முகம் மிகவும் தெளிவாகத் தெரிந்தது. அத்தனை தெளிவாக நான் எதையும் பார்த்து வருடக்கணக்கு ஆகிறது. அன்று வாசலில் உட்கார்ந்திருந்த நான் தெருமுனையைப் பார்த்தேனா என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. பார்க்கவில்லை என்று உங்களுக்கு எழுதிவிடலாம். ஆனால் எனக்குத் தெரியாது.

"நான் சொன்னது தப்பு. வாம்மா" என்றேன். வாயால் சொன்னேன். எழுதுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அவள் வரவில்லை மேடம். வருகிறேன் என்றும் சொல்லவில்லை. சட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, "செவ்வாய்க்கிழமை கடை லீவு. வீடு மாடியிலதான். அன்னைக்கு வாங்க. எனக்குப் பேச நிறைய இருக்கு, திட்ட அதைவிட நிறைய இருக்கு. இன்னைக்குத் தொடங்கினா வியாபாரம் கெட்டுடும்" என்றாள்.

நான் என் கண்ணாடியைக் கேட்டேன். அதை எடுத்து மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். "இது உதவாது. புதுசு செவ்வாய்க்கிழமைதான் ரெடியாகும். வந்து வாங்கிக்கங்க" என்றாள்.

அதனால்தான் எழுத்து இப்படி இருக்கிறது. இந்த ஊரிலேயே பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு விடுதியில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். காகிதத்தை மூக்குக்கு அருகில் பிடித்துத் தடவித் தடவி எழுதுகிறேன். எழுதியதைத் திருப்பிப் படிக்க முடியவில்லை. வரியின் மேல் வரி ஏறியிருந்தால் நீங்கள்தான் பிரித்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். இருக்கிறது. ஆனால் அதைச் சுமக்க இப்போது நேரமில்லை, முன்னால் இன்னொரு மூட்டை இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அவள் என்னை என்னவெல்லாம் திட்டுகிறாளோ, அதைப் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு அடுத்த வாரம் உங்களுக்கு எழுதுகிறேன். ஒரு வார்த்தை கூட்ட மாட்டேன், ஒரு வார்த்தை குறைக்க மாட்டேன்.

மூட்டை அண்ணன்